டயர் உரசல்: உங்கள் வண்டியில் எங்கே, எப்போது உரசியது?

மஞ்சக்குப்பம் ஸ்விஃப்ட்:
கம்பெனி டயர் 185/65 ஆர்15 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 இன்ச்). அலாய் மாற்றும்போது 195/60 ஆர்15 போட்டார்கள், ஏழு இன்ச் அகல வீல். "உரசவே உரசாது சார்" என்றார் கடைக்காரர். தனியாக ஓட்டியவரை ஒரு சத்தமும் இல்லை. பண்ருட்டியில் மாமியாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையப் பலாப்பழம். நெல்லிக்குப்பம் தாண்டி ஒரு வேகத்தடையில் இறங்கியதும் பின்னால் சர்ர்ரென்று ஒரு சத்தம். "மாப்ளே, யாரோ ஈயச்சட்டியைச் சுரண்டுற மாதிரி இருக்கே" என்றார் மாமியார். இறங்கிப் பார்த்தால் மட்கார்டின் உள்மடிப்பில் பெயின்ட் போய்த் தகரம் மின்னுகிறது, டயரின் வெளித்தோளில் ரப்பர் துகள். கடைக்குப் போனால் "லோடு ஏத்தாதீங்க" என்கிறார். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றாமல் எவன் வருவான்?

வில்லியனூர் ஐ20:
எனக்கு உள்பக்கம். பழைய அலாய் செட் ஒன்று மலிவாகக் கிடைத்தது, மாட்டினேன். சத்தம் எதுவும் இல்லை, அதுதான் வினை. அலைன்மென்ட் விடப் போன இடத்தில் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, "அண்ணே, இங்க வந்து பாருங்க" என்று பையன் கூப்பிட்டான். முன் டயரின் உள்பக்கச் சுவரில் சுற்றிலும் ஒரு பள்ளம், நகம் இறங்கும் ஆழம். எதிரே ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) குழாய் பளபளவென்று தேய்ந்திருந்தது. அதே டயரோடு குடும்பத்தை ஏற்றி ஈசிஆரில் மகாபலிபுரம் போய் வந்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

சிப்காட் நைட் ஷிஃப்ட்:
மஞ்சக்குப்பம் நண்பருக்கு: டயரைக் குறை சொல்லாதீர்கள். 185/65 ஆர்15 உயரம் 621.5 மி.மீ., 195/60 ஆர்15 உயரம் 615. புது டயர் குள்ளம்தான். தள்ளிக்கொண்டு வந்தது வீல். ஈ.டி. என்றால் ஆஃப்செட்: வீலின் நடுக்கோட்டிலிருந்து, வண்டியின் ஹப்பில் (அச்சு முனையில் வீல் மாட்டும் இடம்) பதியும் முகம் எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்ற எண். உதாரணத்துக்கு, 6 இன்ச் வீல் ஈ.டி. 45 இருந்த இடத்தில் 7 இன்ச் ஈ.டி. 35 மாட்டினால், அகலம் கூடியதில் வெளியே 12.7 மி.மீ., ஆஃப்செட் குறைந்ததில் 10 மி.மீ., ஆக 22.7 மி.மீ. வெளியே வந்துவிடும். உள்பக்கம் கூடுவது 2.7 மட்டும். ஈ.டி. எண் குறைந்தால் வீல் வெளியே வரும், மட்கார்டில் உரசும். கூடினால் உள்ளே போகும், வில்லியனூர்க்காரருக்கு ஆன மாதிரி ஸ்ட்ரட்டில் உரசும். காலி வண்டியில் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. பின்சீட்டில் ஆள் ஏற்றுங்கள், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடியுங்கள், டயர் தோளில் சாக்பீஸ் பூசி ஒரு சுற்று ஓட்டுங்கள். எங்கே அழிகிறதோ அங்கேதான் உரசல். வீலின் நடுவில் ஹப் நுழையும் துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்க ரிங் போடுங்கள், இல்லையென்றால் ஸ்டீயரிங் ஆடும்.
என் அனுபவமா? ரிவர்ஸில் முழுசாக ஒடித்தால் முன்பக்க பிளாஸ்டிக் லைனரில் லேசாக உரசும். அவ்வளவுதான்.

மஞ்சக்குப்பம் ஸ்விஃப்ட்:
கணக்குப் பாடத்துக்கு நன்றி வாத்தியாரே. மட்கார்டு மடிப்பை உள்ளே தள்ளிவிட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். யாராவது செய்திருக்கிறீர்களா?

முதலியார்பேட்டை பலேனோ:
செய்தேன், இனிமேல் செய்யமாட்டேன். மடிப்பை உருட்டியபோது பெயின்டில் மயிரிழை விரிசல் விட்டது. நம்ம ஊர் உப்புக்காற்றுக்குக் கேட்கவா வேண்டும், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அந்த ஓரம் முழுக்கத் துரு. உரசல் நின்றது, அது உண்மை. டிங்கரிங் செலவில் சரியான ஆஃப்செட்டில் வேறு வீலே வாங்கியிருக்கலாம்.

சிப்காட் நைட் ஷிஃப்ட்:
துரு வருவது உருட்டியதால் இல்லை. முதலில் ஹீட் கன்னில் சூடு காட்டி, உருட்டிய பிறகு விரிசலுக்கு பிரைமர் அடித்திருந்தால்...

முதலியார்பேட்டை பலேனோ:
சூடும் காட்டினார்கள், பிரைமரும் அடித்தார்கள். கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்திப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

வில்லியனூர் ஐ20:
மஞ்சக்குப்பம் அண்ணே, முதலில் வீலைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் கம்பிகளின் முதுகில் ஈ.டி. என்று எண் அச்சாகியிருக்கும். கம்பெனி வீலையும் பக்கத்தில் வைத்துப் படம் போடுங்கள். அதற்குள் மட்கார்டில் கை வைக்க விடாதீர்கள்.