டிஃபால்ட்டுக்குத் தமிழ்ல என்ன? நாளைக்குள்ள வேணும்

செந்தூல்:
வணக்கம் எல்லாருக்கும். இங்க மலேசியாவுல ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தோட ஆப்பைத் தமிழ்ல போட்டுக்கிட்டிருக்கேன், நாளைக்கு சாயங்காலம் கொடுத்தாகணும். டிஃபால்ட்ங்கிற சொல் ரெண்டு இடத்துல நிக்குது. செட்டிங்ஸ்ல 'டிஃபால்ட் மொழி', அதாவது நாம மாத்தாத வரைக்கும் தானா வர்றது; கடன் பக்கத்துல 'டிஃபால்ட் ஆன கணக்கு', அதாவது கடனைக் கட்டாம விட்டது. மலாய்ல செட்டிங்ஸுக்கு 'லாலாய்'னு இருக்கு, அசட்டையா இருக்கிறதுன்னு அர்த்தம், அதைப் பாத்துட்டு எங்கம்மா "யாருடா அசட்டை, நானா ஃபோனா"ங்கறாங்க.

பட்டர்வொர்த்:
தம்பி, வேரைப் பாத்தா விளங்கிடும். பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்த சொல், அடியில கிடக்கிறது லத்தீன் ஃபாலெரே, ஏமாத்துறதுன்னு பொருள். ஃபெயில், ஃபால்ட், ஃபால்ஸ் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைங்கதான். மொதல்ல குறை, இல்லாமைன்னு இருந்துச்சு, அப்புறம் கோர்ட்டுக்குப் போச்சு, வாய்தாவுக்கு வராதவனுக்கு எதிரா தீர்ப்பு. 1960கள்ல கம்ப்யூட்டர்காரங்க எடுத்துக்கிட்டாங்க, நீ எதையும் தேர்ந்தெடுக்கலைன்னா மெஷின் தானா ஒண்ண வச்சுக்கும். எங்க பாத்தாலும் ஒருத்தன் செய்ய வேண்டியத செய்யாம விட்டிருக்கான். அதனால ரெண்டுக்கும் 'தவறுநிலை'.

பிரிக்பீல்ட்ஸ்:
வாத்தியாரையா கோவிச்சுக்கக் கூடாது, 'தவறுநிலை மொழி: தமிழ்'னு ஸ்க்ரீன்ல வந்தா நம்ம ஆளுங்களே ஆப்பைத் தூக்கிடுவாங்க. முன்னிருப்பு, இயல்புநிலை ரெண்டும் ஏற்கனவே தமிழ் மென்பொருள்ல ஓடுது, அதுல ஒண்ண எடுங்க. மலாய்லயும் ஒரே சொல் கிடையாதுங்க. செட்டிங்ஸுக்குத்தான் லாலாய், கடனைக் கட்டாம விட்டா முங்கிர், ஆள் வராம போற தீர்ப்புக்கு இங்கார். அவங்களே மூணா பிரிச்சுட்டாங்க, நாம ஏன் எல்லாத்தையும் ஒரே சாக்குல திணிக்கணும்?

ஜெலுத்தோங்:
முன்னிருப்பு வேணவே வேணாம். நான் கணக்கு எழுதுறவன், எங்களுக்கு இருப்புன்னா கையில உள்ள காசு இல்லன்னா கடையில உள்ள சரக்கு. அதுவும் இது கடன் ஆப், 'முன்னிருப்பு'ன்னு பாத்தவுடனே போன மாச பேலன்ஸ்னு நெனச்சு அழுத்துவான்.

கெப்போங்:
எதுக்கு இவ்ளோ கஷ்டம், 'சும்மா'ன்னு போடுங்கலா. சும்மா விட்டா வர்ற மொழி. மலாய் 'சூமா'வும் நம்ம சும்மாதானே.

பட்டர்வொர்த்:
கடையிலேர்ந்து கெடாய், கப்பல்லேர்ந்து காப்பால், அதெல்லாம் சரி. சூமாவுக்கு என்ன ஆதாரம்? ஓசை ஒத்துப்போனா சொந்தம் ஆயிடுமா? நிற்க. ராத்திரி யோசிச்சேன், தவறுநிலையை செட்டிங்ஸுக்கு மட்டும் விட்டுத்தர்றேன். நன்னூல்ல பவணந்தியார் சொல்றாரு, "விகாரம் அனைத்தும் மேவலது இயல்பே". தோன்றல், திரிதல், கெடுதல் எதுவும் நடக்கலைன்னா அது இயல்பு புணர்ச்சி. பொன்மணி மாதிரி, ரெண்டு சொல்லும் இருந்தபடியே சேர்ந்துக்கும். நீ கை வைக்காத வரைக்கும் எது நிக்குதோ அது. செட்டிங்ஸுக்கு இதைவிடப் பொருத்தமா எவன் சொல்லுவான்?

பிரிக்பீல்ட்ஸ்:
அப்ப 'இயல்புநிலை'ன்னு முடிச்சிடலாம். கடனுக்கு 'தவணை தவறிய கணக்கு', இதைப் புதுசா உண்டாக்கவே வேணாம், ஊர்ல எல்லாரும் பேசறதுதான்.

ஜெலுத்தோங்:
தவணைக்கு சரி. ஆனா 'இயல்புநிலை மொழி'ன்னா இயல்புநிலைக்குத் திரும்பிட்டோம்ங்கிற நியூஸ் மாதிரி இருக்கு, வெள்ளம் வடிஞ்ச மாதிரி. இந்தோனேசியாக்காரங்க 'பாவாஆன்'ங்கறாங்க, கூடவே கொண்டு வந்ததுன்னு. நாமளும் 'வந்தபடி'ன்னு போட்டா என்ன? வந்தபடி மொழி, வந்தபடி ரிங்டோன். சின்னச் சொல், பட்டன்ல அடங்கும்.

பட்டர்வொர்த்:
'வந்தபடி' வினையெச்சம் மாதிரி தொங்குது. "பாடியபடி வந்தான்"னு சொல்றோம்ல, அதே படி. வந்தபடி என்ன செஞ்சான்னு அடுத்த சொல்லைத் தேடும்.

ஜெலுத்தோங்:
தேடட்டுமே. வாங்கினபடி இருக்குன்னா யாருக்குப் புரியல?

செந்தூல்:
மூணு பேரு இயல்புநிலைன்னீங்க (கெப்போங் அண்ணன் தனியா மெசேஜ் போட்டு சரின்னுட்டாரு), அதனால அதையே போட்டு இப்பதான் அனுப்பினேன். கடனுக்கு 'தவணை தவறிய கணக்கு', இது பட்டன்ல அடங்காம ரெண்டு வரியா மடங்குது, பரவால்ல. ஜெலுத்தோங் அண்ணே, அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்.

ஜெலுத்தோங்:
என் ஓட்டு வந்தபடிக்குத்தான், எழுதி வச்சுக்கோ.

பட்டர்வொர்த்:
தம்பி, அது கிடக்கட்டும், 'செட்டிங்ஸ்'க்கு என்ன போட்டே?