வேலூர் காட்பாடி ரோட்டுக்கு மார்க் போடணும்னா யாரைக் கேட்டுப் போடுறது?

கோட்டைவாசல்:
காட்பாடி ஸ்டேஷன்லேர்ந்து பாலாத்துப் பாலம் தாண்டி கிரீன் சர்க்கிள் வர்ற வழியைச் சொல்றேன். ரோடு நல்லா இருக்கான்னு பார்க்க ஒரே கணக்கு போதும்: வண்டி தேங்காம போகுதா? ஏ (ரொம்ப நல்லா) முதல் எஃப் (ரொம்ப மோசம்) வரைக்கும் தரம் போடுற முறை 1965லேர்ந்தே இருக்கு. வண்டி நகர்ந்தா பஸ்ஸும் நகரும், ஆம்புலன்ஸும் நகரும். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு அவசரமா வர்ற நோயாளிக்கு நடைபாதை அகலமா முக்கியம்?

பஸ்பயணி:
முக்கியம் சார். ஸ்கேன் கவரைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, காலைத் தாங்கித் தாங்கி லாட்ஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடக்கிறவங்களை சிஎம்சி இருக்கிற ஐடா ஸ்கடர் ரோட்டுல பாருங்க. அவங்களும் நோயாளிதான். நீங்க சொல்ற தரம், ரோடு எவ்வளவு வண்டி தாங்கும்னு கணக்குப் போடுற அமெரிக்கக் கையேட்டுல வந்தது. அதே கையேட்டோட 2010 பதிப்பு, நகரத் தெருவுல கார், பஸ், சைக்கிள், நடை நாலுக்கும் தனித்தனியா மார்க் போடுது. பஸ் எவ்வளவு நேரத்துக்கு ஒண்ணு வருதுங்கிறது மட்டுமில்ல, ஸ்டாப்புக்கு நடந்து போற வழி மோசமா இருந்தாலும் பஸ்ஸோட மார்க் குறையும்.

கோட்டைவாசல்:
அமெரிக்கக் கணக்கை இங்க கொண்டு வராதீங்க. அதுல ரோட்டோரம் நிக்கிற கார், நடக்கிறவருக்கும் ஓடுற வண்டிக்கும் நடுவுல தடுப்பா இருக்குன்னு நடைக்கு மார்க் கூடும். நம்ம ஊர்ல வண்டியை நிறுத்துறதே நடைபாதை மேலதான்! 2017ல சிஆர்ஆர்ஐ, அதாவது மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம், நம்ம நாட்டுக்குன்னே கையேடு போட்டிருக்கு, அதைப் பாருங்க.

பஸ்பயணி:
நிறுத்துற விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். நம்ம நாட்டுக் கணக்கையே எடுப்போம். ரோட்டுக்கு விதி வகுக்கிற இந்தியச் சாலைக் காங்கிரஸோட 1990 விதியில, ஒரு வண்டி ரோட்டை எவ்வளவு அடைக்குதுங்கிற கணக்குல கார் 1 அலகு, பஸ் 2.2லேர்ந்து 3.7 வரை. ஐம்பது பேர் ஏறின பஸ்ஸும் காலி பஸ்ஸும் அதுக்கு ஒண்ணுதான். ஒருத்தர் மட்டும் உக்காந்து வர்ற கார் 1. அப்ப பஸ்தான் பாரம்னு ஆயிடுது. நடக்கிறவருக்கு அந்தப் பட்டியல்ல இடமே இல்ல.

ஷேர்ஆட்டோ:
நடுவுல வர்றேன், மன்னிக்கணும். ஸ்டேஷன்லேர்ந்து புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டுறவன் நான். அந்த நாலு மார்க்குல நாங்க எங்க சார்? ஆள் கை காட்டின இடத்துல நிறுத்தினா பின்னாடி ஹாரன், நிறுத்தலன்னா சவாரி போச்சு. ஒதுங்கி நிக்க ஒரு இடம் விட்டாலே பாதி நெரிசல் குறையும்.

பஸ்பயணி:
அதான் அண்ணா, உங்களுக்கு அஞ்சாவதா ஒரு மார்க் வேணும். எல்லாத்தையும் கூட்டி சராசரி எடுத்தா காருக்கு பி, நடைக்கு எஃப், ரோடு சுமார்னு முடிச்சிருவாங்க. தடங்கலில்லாம நடக்க குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம் வேணும்னு அதே காங்கிரஸோட 2012 விதியிலேயே சொல்லியிருக்கு. ஒரு டேப்பை எடுத்துக்கிட்டு வாங்க, சேர்ந்தே அளப்போம்.

கோட்டைவாசல்:
அளக்க வர்றேன். ஆனா பாலத்தோட அகலம் உங்க மார்க்குக்காக விரியாது. யாருக்கோ கொடுத்தா யாருகிட்டேயோ எடுத்தாகணும். ஆம்புலன்ஸ் போற வழியை மொதல்ல ஒதுக்கிட்டு மீதியைப் பிரிங்க. அதுல நான் விட்டுக் கொடுக்க மாட்டேன்.