மார்செய் அருகே கலாங்க் தேசியப் பூங்கா: நடையும் நீச்சலும் ஒரே நாளில் இயலுமா?

இளவேனில் (கேள்வி):
வணக்கம். ஜூலை இறுதியில் பாரிஸிலிருந்து குடும்பத்துடன் மார்செய் செல்கிறோம். அருகிலுள்ள காஸிஸ் ஊரிலிருந்து, கலாங்க் எனப்படும் செங்குத்துப் பாறைக் குடாக்களில் ஒன்றான ஆன்-வோவுக்கு நடந்து சென்று, நீந்திவிட்டு, மாலைக்குள் திரும்ப எண்ணியுள்ளோம். 13 வயது மகள் நன்றாக நீந்துவாள். ஆனால் மலைப்பாதையில் நடந்து பழக்கமில்லை. பாதை எத்தகையது, முன்பதிவு தேவையா என்பதை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தென்றல்வாசி:
ஆன்-வோவுக்கு முன்பதிவு இல்லை. ஆனால் ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்தே பூங்காவுக்குள் அனுமதி உண்டு. மறுநாளுக்கான வரைபடத்தை மாவட்ட நிர்வாகம் முந்தைய மாலையே வெளியிடும். அதில் சிவப்பு என்றிருந்தால், எவ்வளவு தொலைவிலிருந்து வந்திருந்தாலும் உள்ளே செல்ல இயலாது. ஆகவே ஒரே நாளை நம்பாமல், மாற்று நாள் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதையில் போர்-மியூ வரை சிரமமில்லை. படகுகள் வரிசையாக நிற்கும் அந்த நீண்ட குடாவின் ஓரத்தில் பழைய கல்குவாரியின் சுவடுகளைக் காணலாம். அடுத்து வரும் போர்-பான் பைன் மர நிழலுள்ள சிறு கடற்கரை. அதற்கப்பால் மேட்டில் ஏறி ஆன்-வோவுக்குள் இறங்கும் இடம்தான் செங்குத்தானது. பலரும் மிதித்து மிதித்து வழவழப்பாகிவிட்ட சுண்ணாம்புப் பாறை, உலர்ந்திருக்கும்போதும் வழுக்கும். இறங்குவதைவிட, நீந்திக் களைத்தபின் நண்பகல் வெயிலில் அதே சரிவில் ஏறுவதே கடினம். வழியில் குடிநீர் எங்கும் கிடைக்காது. மகளுக்குப் பழக்கமில்லை என்பதால், நானாக இருந்தால் போர்-பானிலேயே நீந்திவிட்டுத் திரும்பிவிடுவேன்.

நெய்தல்:
நீரின் குளிர்ச்சியையும் கவனியுங்கள். வடக்கிலிருந்து வரும் மிஸ்திரால் என்ற காற்று பலமாக வீசினால், மேலே உள்ள வெதுவெதுப்பான நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலெழும். கொளுத்தும் ஜூலையிலும் கடல் சட்டென்று சில்லிடுவது இதனால்தான். நன்றாக நீந்துபவர்களும் முதலில் கரையோரமாகவே நீந்திப் பார்ப்பது நல்லது.

இளவேனில்:
மிக்க நன்றி. படகில் ஆன்-வோவுக்குச் சென்று இறங்க வழியுண்டா? சுஜித்தோன் என்ற மற்றொரு குடாவுக்குச் செல்வது எளிது என்றும் ஒருவர் கூறினார்.

தென்றல்வாசி:
காஸிஸ் துறைமுகத்துச் சுற்றுலாப் படகுகள் குடாக்களைக் காட்டிவிட்டுத் திரும்பும். பயணிகளை அங்கே இறக்குவதில்லை. சுஜித்தோனுக்கு, மார்செய் நகரின் தென்கோடியிலுள்ள லுமினி வரை நகரப் பேருந்தில் சென்று, அங்கிருந்து நடக்கலாம். அவ்வளவு எளிதாக இருந்ததே அதற்குக் கேடாயிற்று: உச்சக் கோடையில் ஒரே நாளில் 2,500 பேர் வரை வந்து, காலடியில் மண் அரிந்து, பைன் கன்றுகள் வேர்பிடிக்க இயலாத நிலை ஏற்பட்டது. அதனால் 2022 முதல் கோடையின் நெரிசல் நாட்களில் 400 பேருக்கு மட்டுமே அனுமதி. கட்டணம் இல்லை என்றாலும், பூங்காவின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். இடங்கள் விரைவில் நிரம்பிவிடும்.