தற்காலிக ஆசிரியருக்குக் கடைசி நாள் எது என்று முன்கூட்டியே சொல்லக் கூடாதா?

கணக்கு டீச்சர் (விழுப்புரம் பக்கம்)

எட்டு வருஷமாக மாற்று ஆசிரியராகவே இருக்கிறேன். பிரசவ விடுப்பில் போனவருக்குப் பதிலாகப் பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்துக்கொண்டது ஒருமுறை. காலிப் பணியிடத்துக்கு எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) எடுத்தது இரண்டு முறை. நடுவில் ஒரு தனியார் பள்ளி. சம்பளம் குறைவு என்பது பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான், எந்த நாளோடு வேலை முடியும் என்பது யாருக்கும் தெரியாது.

ஒரு நவம்பர் மாதம், எட்டாம் வகுப்பில் சரிவகம் வரைவது நடத்திக்கொண்டிருந்தேன். அடிப்பக்கம் போட்டாயிற்று, இணைகோடு இழுக்கப் போகிறேன். ஹெச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். அறையில் ஒருவர் கலந்தாய்வில் வாங்கிய மாறுதல் ஆணையோடு உட்கார்ந்திருந்தார். "நாளையிலிருந்து சார் பார்த்துக்கொள்வார்" என்றார்கள். திரும்பி வந்து அந்தச் சரிவகத்தை முடித்துவிட்டுத்தான் மணி அடித்ததும் இறங்கினேன். திருத்துவதற்காக 41 நோட்டுகளை முந்தின நாள் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். மறுநாள் அவற்றைத் திருத்தி, பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு நான் அந்தப் பள்ளிக்கு யாருமில்லை.

ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், கல்வியாண்டு முடியும்வரையாவது வைத்துக்கொள்ள வேண்டும். இதைக் கேட்பது தப்பா?

காத்திருப்பவன் 2013

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் நான் இதை எதிர்க்கிறேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் 2013இல் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேறியவன். அதன்பிறகு 2018இல் அரசாணை 149 வந்தது, டெட் போதாது, நியமனத் தேர்வு ஒன்று தனியாக எழுத வேண்டும் என்றார்கள். சரி என்று காத்திருந்தோம். இடைநிலை ஆசிரியருக்கான (ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை) அந்தத் தேர்வு 2024 ஜூலையில்தான் நடந்தது. முதலில் அறிவித்தது 1,768 இடம். எங்களில் எத்தனையோ பேருக்கு அதற்குள் தலை நரைத்துவிட்டது.

2022இல் என்ன செய்தார்கள்? 13,331 காலியிடங்களை எஸ்.எம்.சி. மூலம் தற்காலிகமாக நிரப்பச் சொன்னார்கள். மாதச் சம்பளம் இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000 ரூபாய். அத்தனையும் நிரந்தரமாக நிரப்ப வேண்டிய இடம். இன்றைக்குக் கல்வியாண்டு முடியும்வரை என்பீர்கள், அடுத்து மூன்று வருஷம் என்பார்கள், அப்புறம் பணிநிரந்தரம் கேட்டுப் போராட்டம். வரிசையில் நின்றவன் வரிசையிலேயே நிற்க வேண்டியதுதான். 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னதும் இதைத்தான்: முறையான போட்டி இல்லாமல் உள்ளே வந்தவருக்கு நிரந்தரம் கேட்கும் உரிமை இல்லை.

மலைப்பள்ளி ஹெச்.எம்.

இரண்டு பேர் வேலை பார்க்க வேண்டிய தொடக்கப்பள்ளியில் நான் ஒருவன் மட்டும் ஏழு மாதம் இருந்தேன். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே அறை. எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவில்) வருகைப்பதிவு போடவே சிக்னலுக்குப் பாறை மேல் ஏற வேண்டும், அந்த நேரத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பது? கீழ் ஊரிலிருந்து ஒரு பெண்ணைத் தற்காலிகமாகப் போட்ட பிறகுதான் மூச்சு விட்டேன். சிறு வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பை என்னைவிட நன்றாக நடத்தினாள். அவள் எந்தத் தேர்வில் தேறினாள் என்று அந்த நேரத்தில் நான் பார்க்கவில்லை, பார்க்கும் நிலையிலும் இல்லை.

காத்திருப்பவன் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிரந்தர நியமனம் வரும்வரை அந்த அறையில் ஒருவர் நிற்க வேண்டும் அல்லவா?

ஒரு மாத அவகாசம் என்பது மட்டும் நடைமுறையில் கஷ்டம் டீச்சர். மாறுதல் ஆணை வாங்கியவர் அன்றைக்கோ மறுநாளோ வந்து சேர்ந்துவிடுகிறார். எனக்கே அவர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

ஏழாம் வகுப்புப் பெண்ணின் அப்பா

நான் ஆசிரியர் இல்லை. என் மகளுக்குப் போன வருஷம் கணக்குக்கு மூன்று பேர். ஒவ்வொருவரும் வந்ததும் முழுக்களிலிருந்து ஆரம்பித்தார்கள். மூன்று முறை மைனஸ் படித்தாள், இயற்கணிதம் ஒருமுறைகூட முடியவில்லை. இரண்டாவதாக வந்த டீச்சர் போனபோது அழுதாள். மூன்றாவதாக வந்தவரிடம் சந்தேகம் கேட்கவே இல்லை, "இவங்களும் போயிடுவாங்கப்பா" என்றாள். தேர்வு எழுதி வந்தவரா, எஸ்.எம்.சி. எடுத்தவரா என்பது எனக்கு முக்கியமில்லை. ஜூனில் வந்தவர் ஏப்ரல்வரை இருக்க வேண்டும்.

காத்திருப்பவன் 2013

ஐயா, உங்கள் மகளுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அதற்கு மருந்து நிரந்தர நியமனம்தான். தற்காலிக ஆளுக்கு ஏப்ரல்வரை உறுதி கொடுத்தால், அந்த இடத்துக்குக் கலந்தாய்வில் யாரும் வர முடியாது. பத்து வருஷம் வெளி மாவட்டத்தில் கிடந்து, வயதான பெற்றோரைப் பார்க்க ஊருக்கு மாறுதல் கேட்கும் ஆசிரியருக்கும் அந்த இடம்தான் வேண்டும். அவர் என்ன செய்வார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஸ்.எம்.சி. எடுப்பது என்றால் எத்தனை ஊரில் தலைவருக்கு வேண்டிய பிள்ளைக்குப் போகிறது! எங்கள் ஊரில் நானே விண்ணப்பித்தேன். டெட் சான்றிதழை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

கணக்கு டீச்சர்

சகோதரரே, நானும் 2019இல் டெட் இரண்டாம் தாள் தேறியவள்தான். 2024 பிப்ரவரியில் பட்டதாரி ஆசிரியர் நியமனத் தேர்வும் எழுதினேன், கிடைக்கவில்லை. உங்கள் வரிசையில்தான் நானும் நிற்கிறேன், கொஞ்சம் பின்னால். நிரந்தரம் கேட்கவில்லை என்று முதல் பதிவிலேயே தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இந்த அனுபவத்துக்கு மதிப்பெண்ணும் கேட்கவில்லை.

ஆனால் விடுப்புக்கால இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியருக்குப் பிரசவ விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். அவர் போகும் தேதியும் தெரியும், திரும்பும் தேதியும் தெரியும். அப்படியிருந்தும் என்னை வைத்தவர்கள் "பார்க்கலாம்மா, மாசாமாசம் பார்த்துக்கலாம்" என்றுதான் சொன்னார்கள். அந்த இடத்தில் யாருடைய மாறுதலும் தடைபடப் போவதில்லையே! தேதி போட்டு ஒரு தாள் கொடுக்க என்ன தடை?

தேதி தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வாடகை வீட்டுக்கு 11 மாத ஒப்பந்தம் போட முடியாது. பையனைப் பள்ளிக்கு அருகில் சேர்க்க முடியாது. அடுத்த வகுப்புக்கான பாடக்குறிப்பை எழுதும்போதே, இதை நான்தான் நடத்துவேனா என்ற எண்ணம் வந்துவிடும். எஸ்.எம்.சி. சம்பளம் பிறகு அந்த மூன்று நிலைக்கும் முறையே 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தது, நல்லதுதான். ஆனால் எனக்கு அது இரண்டு மாதம் சேர்ந்து வரும், மே மாதம் ஒன்றுமே இல்லை. உமாதேவி தீர்ப்பைச் சொன்னீர்கள். 2016இல் பஞ்சாப் அரசு வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், தற்காலிகப் பணியாளருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் பொருந்தும் என்றது. அதையும் சேர்த்துப் பேசுவோம்.

மலைப்பள்ளி ஹெச்.எம்.

காலிப் பணியிடத்துக்கு நான் ஒன்று சொல்கிறேன். நிரந்தர ஆசிரியர் வந்து சேர்ந்துவிட்டால், தற்காலிக ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பாமல் அதே ஒன்றியத்தில் காலியாக இருக்கும் வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம். எங்கள் ஒன்றியத்தில் ஏதாவது ஒரு பள்ளியில் இடம் காலி இல்லாத மாதத்தை நான் பார்த்ததில்லை. அவருக்கு ஏப்ரல்வரை வேலை, யாருடைய மாறுதலும் நிற்காது. பணி அனுபவச் சான்றும் கட்டாயம் கொடுக்க வேண்டும். என்னிடம் இருந்த பெண்ணுக்கு நான் என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன், அதை வேறெங்கும் ஏற்கவில்லை.

காத்திருப்பவன் 2013

ஒன்றியத்துக்குள் மாற்றுவது எனக்குச் சம்மதம். விடுப்பு இடத்துக்குத் தேதி போட்டுத் தருவதும் சம்மதம், அதில் நான் யோசிக்காமல் பேசிவிட்டேன். ஆனால் ஆளை எடுப்பது ஊர்க் குழு கையில் இருக்கக் கூடாது. டெட் தேறியவர்களின் பட்டியலை மாவட்டம் தயாரித்து, மதிப்பெண் வரிசையில் கூப்பிட வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கணக்கு டீச்சர்

பட்டியல் வந்தால் நானும் பெயர் கொடுப்பேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு பள்ளியிலிருந்து போன் வந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கு, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். எத்தனை மாதத்துக்கு என்று கேட்டேன். "முதல்ல வாங்க டீச்சர், பசங்களுக்கு இரண்டாவது பாடமே முடியல" என்றார்கள். காலை ஆறே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்கிறதாம். போகிறேன்.