எண்ணிக்கையில் கூடுதலாக உள்ள பறவைக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

கேள்வி:
பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயூசிஎன், உயிரினங்களின் அழிவு ஆபத்தை வகைப்படுத்தி வெளியிடும் சிவப்புப் பட்டியலில் இரண்டு பாடும் பறவைகளை ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்பிப்போனேன். கிர்ட்லாண்டு கதிர்க்குருவி உலகில் சில ஆயிரம்தான் உண்டு. அது 'அச்சுறு நிலையை அண்மித்த இனம்'. மஞ்சள் மார்புப் பன்டிங் இன்னமும் ஒரு இலட்சத்துக்கு மேல் இருக்கிறது. அதுவோ 'மிக அருகிய இனம்'. எந்தக் கணக்கில் இப்படி வகைப்படுத்துகிறார்கள்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
எத்தனை எஞ்சியிருக்கின்றன என்பதோடு, எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்பதும் கணக்கில் வரும். பத்தாண்டுகள், மூன்று தலைமுறைகள் ஆகியவற்றுள் எது நீண்டதோ அந்தக் காலத்துக்குள் 80 விழுக்காடு சரிந்தாலே ஓர் இனம் 'மிக அருகிய' நிலைக்குப் போய்விடலாம். பின்லாந்து முதல் பசிபிக் கரை வரை ஈரப் புல்வெளிகளில் கூடு கட்டிய பன்டிங், 1980க்கும் 2013க்கும் இடையில் 84 முதல் 95 விழுக்காடு வரை குறைந்ததாக மதிப்பிட்டுள்ளனர். 2004இல் தொடங்கி, 2008, 2013, 2017 என நான்கே படிகளில் அது இன்றைய நிலைக்கு வந்துவிட்டது.

மறுமொழி 2:
காரணத்தையும் சொல்லியாக வேண்டும். வலசை வழியில் பன்டிங்குகள் அந்தி சாய்ந்ததும் நாணல் காடுகளில் பெருங்கூட்டமாக அடையும். அங்கே வலை கட்டிவிட்டால் ஒரே இரவில் கூட்டம் கூட்டமாகச் சிக்கிவிடும். உணவுக்காக இவ்வாறு பிடிப்பதைச் சீனா 1997இலேயே தடை செய்தும் கள்ளச்சந்தை ஓயவில்லை. கூடி வாழும் இயல்பே அதற்கு எமனாயிற்று என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

மறுமொழி 3:
கதிர்க்குருவியின் கதை வேறு. 1974, 1987 ஆகிய இரு கணக்கெடுப்புகளிலும் பாடும் ஆண் பறவைகள் 167 மட்டுமே. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், தரையைத் தொடும் கிளைகளுள்ள இளம் ஜாக் பைன் மரங்களின் அடியில்தான் பெரும்பாலும் அது கூடு கட்டும். மரம் வளர்ந்து கீழ்க்கிளைகள் பட்டுப்போனால் அவ்விடத்தை விட்டுவிடும். முன்பு காட்டுத்தீ பழைய மரங்களை எரித்துப் புதுக் கன்றுகளுக்கு வழிவிட்டது. தீயை அடக்கிய பிறகு மனிதர்களே மரங்களை வெட்டி நட வேண்டியதாயிற்று. அதன் கூட்டில் திருட்டு முட்டையிடும் கௌபேர்டு என்னும் பறவைகளையும் 1972 முதல் பொறிவைத்துப் பிடித்தார்கள். அதனால்தான் எண்ணிக்கை பெருகி, 2019இல் அமெரிக்க அரசின் அருகிய இனப் பட்டியலிலிருந்து அதை நீக்க முடிந்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் நடவை நிறுத்திவிட்டால் கதிர்க்குருவி தாக்குப்பிடிக்குமா?

மறுமொழி 3:
பிடிக்காது. ஒரு மரத்தோப்பு அதற்கு ஏற்றதாக இருப்பது ஏறக்குறைய ஐந்தாம் வயதிலிருந்து இருபதாம் வயது வரைதான். ஆகவே ஆண்டுதோறும் எங்கேனும் புதிய தோப்பு ஒன்று எழும்பிக்கொண்டே இருக்க வேண்டும்.