நாள்காட்டியில் இரண்டு தேதி

சான் ஹோசே, முதியோர் பகல்நேரப் பராமரிப்புச் செவிலியர்:

வியட்நாமுக்கு வெளியே வியட்நாமியர் மிக அதிகமாக வாழும் நகரம் எங்களுடையது. எங்கள் நிலையத்துக்கு வரும் முதியவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான். 2024 பிப்ரவரி 23 அன்று அவர்களில் ஒரு பாட்டிக்கு மறதிநோய் உண்டா என்று பார்க்கும் நினைவாற்றல் சோதனை, துணைக்குப் போயிருந்தேன். இன்று என்ன தேதி? "முதல் மாதம், பதினான்கு." தவறு என்று குறித்துக்கொண்டார்கள். என்ன பருவம்? "மழைக்காலம்." அதுவும் தவறு, குளிர்காலம் என்று சொல்லியிருக்க வேண்டுமாம். வயது 81 என்றார். தாளில் 79.

அந்த ஆண்டு டெட், அதாவது வியட்நாமியரின் சந்திரமாதப் புத்தாண்டு, பிப்ரவரி 10. அன்றிலிருந்து எண்ணிப் பாருங்கள், 23 பதினான்காம் நாள்தான். மறுநாள் பௌர்ணமி, சைவச் சாப்பாடு என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. பிறக்கும்போதே ஒரு வயது, பிறகு டெட்டுக்கு டெட் ஒன்று கூடும். அது அவர்கள் கணக்கு. சைகோனில் வளர்ந்தவருக்குப் பருவம் இரண்டே இரண்டு. போதாததற்கு, சான் ஹோசேயில் மழை பெய்வதே குளிர்காலத்தில்தான்! மொழிபெயர்ப்பாளர் சொற்களை மாற்றிக் கொடுத்தார். கணக்கை யாரும் மாற்றவில்லை.

பாட்டிக்கு ஒன்றுமே இல்லை என்று மார்தட்டிக்கொண்டு வந்தேன். அங்கேதான் சறுக்கினேன். நம் வீடுகளைப் போலவே அவர்கள் சமையலறையிலும் தினம் ஒரு தாள் கிழிக்கும் நாள்காட்டி தொங்கும். ஆங்கிலத் தேதி பெரிதாக, சந்திரமாதத் தேதி கீழே சிறிதாக. கிழிப்பது பாட்டியின் உரிமை, பேரன்கள்கூடத் தொடக் கூடாது. அந்த ஆண்டு இறுதியில் ஒரு நாள் காலை நான்கு தாள்களைக் கிழித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்திருக்கிறார். மகள் இதை மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "வயதானால் லன் (தடுமாற்றம், மறதி) வருவதுதானே" என்றார்.

மெல்போர்ன், ஸ்பிரிங்வேல் முதியோர் இல்ல ஊழியர்:

லன் என்ற சொல்லை இங்கும் தினமும் கேட்கிறேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் "அறளை பெயர்ந்துவிட்டது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவோமே, அதே தொனி. முதுமையோடு முடிச்சுப் போட்டுவிட்டால் பிறகு மருத்துவர் எதற்கு?

எங்கள் இல்லத்தில் ஒரு வியட்நாமிய அம்மா, முப்பது வருடம் தையல் ஆலையில் ஆங்கிலம் பேசி வேலை செய்தவர், இப்போது ஆங்கிலத்தை அடியோடு மறந்துவிட்டார். பிடிவாதம் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தார்கள். மறதிநோயில் பின்னால் கற்ற மொழி முதலில் போவதுண்டு என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. வியட்நாமியச் சமையல்காரர் ஒருவர் "பா" (பாட்டி) என்று அழைத்துச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டதும் எழுந்து வந்தார்.

கலிபோர்னியா, ஆரஞ்சு கவுண்டி, மருந்தாளர்:

வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு பெரியவர், வியட்நாம் போர் முடிந்த 1975க்குப் பின் அங்கே சீர்திருத்த முகாமில் பல ஆண்டுகள் அடைபட்டிருந்தவர், தலையணை உறைக்குள் ரொட்டித் துண்டுகளை ஒளித்துவைத்தார். முகாம் நினைவு என்று வீட்டார் விட்டுவிட்டார்கள். பாதி உண்மை. ஆனால் மாத்திரையையும் ரொட்டியோடு ஒளித்துவைத்தபோதுதான் என்னிடம் வந்தார்கள். பழைய காயம் எது, புதிய நோய் எது என்று பிரித்துப் பார்ப்பது எங்களுக்கே கடினம்.

சான் ஹோசே, மீண்டும்:

இதையெல்லாம் எப்படிப் பேசவைத்தீர்கள் என்று மெல்போர்ன் நண்பர் தனியாகக் கேட்டார். முதலில் தோற்றோம். மறதிநோய் பற்றிய கூட்டத்துக்கான அறிவிப்பில், அந்த நோயின் வியட்நாமிய மருத்துவப் பெயரான "சா சூட் சீ துவே" என்பதைப் பெரிய எழுத்தில் அடித்து ஒட்டினோம். அறிவு தேய்ந்துபோதல் என்று பொருள். யார் வருவார்கள்? என் அறிவு தேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு, சம்பந்தி வீட்டார் பார்க்க, எந்தத் தாய் உள்ளே நுழைவாள்? நான்கு பேர் வந்தார்கள், அதில் இருவர் தேநீருக்கு.

பிறகு கோயிலிலிருந்த பிக்குணி ஒருவரிடம் தாளைக் காட்டினோம். அவர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, "நினைவைப் பேணுதல்" என்று எழுதினார். தேதியையும் மாற்றினார்: ஞாயிறு வேண்டாம், பௌர்ணமியன்று மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு. "அன்று எப்படியும் வருவார்கள். கையில் பாத்திரம் இருக்கும்போது கூச்சம் குறையும்." பேசியவர் வியட்நாமிய மருத்துவர்; நாங்கள் தட்டு கழுவினோம். லன் என்ற சொல்லை அவர் தவிர்க்கவில்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எது, சாவி எதற்கென்றே மறப்பது எது என்று அதே சொல்லை வைத்தே பிரித்துக் காட்டினார்.

பாட்டியின் மகளும் வந்திருந்தார். மருத்துவர் முடித்ததும், எல்லோர் முன்னாலும், அந்த நான்கு தாள்களைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.