ஜூனியர் கால்பந்தில் கோல் குவித்த ஃபார்வர்டு சீனியரில் ஷாட்டே அடிப்பதில்லை: முதல் சீசனில் எதில் வேலை செய்வது?

கேள்வி (சென்டர்_சர்க்கிள்):
18 வயதுப் பெண், சென்டர் ஃபார்வர்டு (நடுவில் ஆடி கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரர்). வேகம்தான் பலம், ஜூனியர் அணியில் டிஃபன்ஸுக்குப் பின்னால் விழும் பந்தைத் துரத்திப் பிடித்தே கோல் அடித்தவர். முதல் தொழில்முறை ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரும்பாலும் 70ஆவது நிமிடத்துக்கு மேல்தான் இறக்குகிறார்கள். இறங்கினாலும் பந்து காலுக்கு வருவது அரிது. லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு, அனுப்பலாமா என்ற பேச்சும் இருக்கிறது. பயிற்சியில் எதை மாற்றுவது? லோன் என்றால் எதைப் பார்ப்பது?

பதில் (பின்தோள்):
சீனியர் சென்டர் பேக்குகள் (நடு டிஃபெண்டர்கள்) வேகத்தோடு மல்லுக்கட்ட மாட்டார்கள். ஆபத்து தெரிந்தால் சில மீட்டர் முன்கூட்டியே பின்வாங்கிவிடுவார்கள். ஓடுவதற்கு இடமே இருக்காது. அந்த இடத்தை ஃபார்வர்டே உண்டாக்க வேண்டும். பந்தை நோக்கி இரண்டு மூன்று அடி இறங்கி, டிஃபெண்டர் கூடவே வந்ததும் திரும்பி ஓடுவது. நிற்கும் இடம் டிஃபெண்டரின் பின்தோள் பக்கம்: பந்தையும் அவரையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாத கோணம். பாஸ் கொடுப்பவர் தலை நிமிர்ந்ததும் கிளம்ப வேண்டும். பந்து காலை விட்ட பிறகு கிளம்பினால் தாமதம், நிமிரும் முன்பே கிளம்பினால் ஆஃப்சைடு. டிஃபன்ஸ் கோட்டுக்கு இணையாக வளைந்து ஓடத் தொடங்கினால் வேகமும் ஏறும், ஆன்சைடிலும் இருக்கலாம்.

பந்து பக்கவாட்டில் கடைசிக் கோடு வரை போனால் எல்லோரும் கோலை நோக்கி ஓடுவார்கள். அப்போது ஃபார்வர்டு பெனால்டி புள்ளி அருகே, அதாவது 11 மீட்டரில், சட்டென்று நின்றுவிட வேண்டும். கட்பேக் (கடைசிக் கோட்டிலிருந்து பின்னோக்கித் தரும் பாஸ்) அங்கேதான் வரும்.

கூம்பு வைத்து, யாரும் தடுக்காமல் ஐம்பது ஷாட் அடிக்கும் பயிற்சியைக் குறையுங்கள். ஒரு டிஃபெண்டர் நிஜமாகவே முட்டுகிற நிலையில், முதல் தொடுதலிலோ இரண்டாவதிலோ முடிக்கும் எட்டுப் பத்து பந்துகள், நடுவில் முழு ஓய்வு. களைத்த காலோடு அடித்தால் தப்பான பழக்கம்தான் பதியும்.

பதில் (முழங்கால்_முதலில்):
கோலைவிட எனக்குக் கவலை முழங்கால்தான். ஏ.சி.எல். (முழங்காலுக்குள் உள்ள முக்கியத் தசைநார்) கிழிவு ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதிகம். பலமுறை யாரும் மோதாமலேயே நடக்கிறது. பிரஸ் செய்ய, அதாவது பந்து வைத்திருக்கும் எதிரணியை நெருக்க, முழு வேகத்தில் ஓடி, ஒற்றைக்காலை ஊன்றித் திசை மாற்றும் அந்த நொடி. ஃபார்வர்டுக்கு அது அன்றாட வேலை.

காயத்தைத் தடுப்பதற்கான ஃபிஃபா 11+ வார்ம்அப் சுமார் 20 நிமிடம், வாரத்தில் குறைந்தது இரண்டு முறை. நடுப்பகுதியில் உள்ள பலம், சமநிலை, குதிக்கும் பயிற்சிகளைத்தான் நேரமில்லை என்று வெட்டுவார்கள். உண்மையில் காப்பாற்றுவதில் பெரும்பங்கு அதற்குத்தான். குதித்துத் தரையில் இறங்கும்போது முழங்கால் உள்ளே மடிகிறதா என்று முன்பக்கமிருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள்.

பெஞ்சில் உட்காருபவருக்கு முழுவேக ஓட்டமே கிடைக்காது. திடீரென 90 நிமிடம் ஆடும் நாளில் தொடைப் பின்தசை பிடித்துக்கொள்ளும். மேட்ச் முடிந்ததும் அல்லது மறுநாள் சில முழுவேக ஓட்டங்கள் கொடுத்து ஈடுகட்டுங்கள். மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் நின்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். பயிற்சிக்கேற்ற சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது முக்கியமான அறிகுறி.

பதில் (லோன்_கணக்கு):
தொடர்ந்து ஆட வைப்பார்கள் என்றால் அனுப்பலாம். கிளப்பின் பெயரைப் பார்க்காதீர்கள். அங்கே வேறு சென்டர் ஃபார்வர்டு யார், அணி கிராஸ் (பக்கவாட்டிலிருந்து பாக்ஸுக்குள் அடிக்கும் பந்து) போடுகிறதா, டிஃபன்ஸுக்குப் பின்னால் பந்து போடுகிறதா, பிசியோ முழுநேரமா, காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, நடுவில் திரும்ப அழைக்கும் ஷரத்து உண்டா: இவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

ஃபார்வர்டு அடா ஹேகர்பெர்க் நார்வேயின் ஸ்டாபெக்கிலிருந்து 2013இல் ஜெர்மனியின் டர்பீன் போட்ஸ்டாம் போய், 2014இல்தான் பிரான்ஸின் பெரிய கிளப்பான லியோனுக்கு வந்தார். நெதர்லாந்து ஃபார்வர்டு மீடமா 15 வயதிலேயே அந்நாட்டின் ஹீரன்வீனில் சீனியர் ஆட்டம் ஆடத் தொடங்கி, அதற்குப் பிறகே ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் போனார். இருவருமே பெரிய கிளப்புக்குப் போகும் முன் சீனியர் நிமிடங்களைச் சேர்த்துவிட்டார்கள்.

கேள்வி கேட்டவர்:
லோன் கிளப் விங்கில் (மைதானத்தின் பக்கவாட்டில்) ஆட வைக்கப் போவதாகச் சொல்கிறது. சரியா?

பதில் (பின்தோள்):
தன் பலமான காலுக்கு உள்ளே வெட்டிவரும் பக்கம் (வலதுகால்காரர் என்றால் இடப்பக்கம்) என்றால் சரி, ஷாட் கிடைக்கும். வெளிக்கோட்டை ஒட்டி கிராஸ் மட்டும் போடும் வேலை என்றால் வேண்டாம். பாக்ஸுக்குள் ஓடும் நேரக்கணக்கு வராமலே சீசன் முடிந்துவிடும்.